.32 வாட்கட்டர்: மென்மையான தோட்டாவைக் கையால் நிரப்புவதால் பயன் உண்டா?

கேள்வி: பச்சைவிளக்கு

அனைவருக்கும் வணக்கம். டெல்லி மயூர் விஹாரில் வசிக்கிறேன். வார இறுதிகளில் துக்ளகாபாத்தில் உள்ள டாக்டர் கர்ணி சிங் துப்பாக்கிச் சுடுதல் அரங்கில் 25 மீட்டர் பிஸ்டல் பயிற்சி செய்து வருகிறேன். .22 ஸ்போர்ட்ஸ் பிஸ்டலில் ஓரளவு கை நிலைத்த பிறகு, இந்தப் பருவத்திலிருந்து சென்டர் ஃபயர் பிரிவிலும் (.22-ஐவிடப் பெரிய தோட்டாக்களுக்கான போட்டி) கலந்துகொள்ளலாம் என்று .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் வாட்கட்டர் (முகம் தட்டையான ஈயக் குண்டு கொண்ட தோட்டா) சுடத் தொடங்கியிருக்கிறேன். நிதானமாகச் சுடும் பிரிசிஷன் பகுதியில் மதிப்பெண் பரவாயில்லை. ஆனால் ரேபிட் பகுதியில், பச்சை விளக்கு எரியும் மூன்று வினாடிக்குள் கையை உயர்த்திச் சுடும்போது, குண்டுகள் ஏழு மணிப் பக்கமாக (இலக்கைக் கடிகார முகமாகப் பார்த்தால் இடப்பக்கமாக) கீழே இறங்கிவிடுகின்றன. நான் வலக்கைக்காரன்.

ஒரு குண்டின் உதைப்பிலிருந்து மீண்டு அடுத்த குண்டுக்குத் தயாராவதற்கு எனக்கு நேரம் போதவில்லை என்று கருதுகிறேன். வெளிநாட்டுப் போட்டியாளர்கள் பலர் தங்கள் தோட்டாக்களைத் தாங்களே நிரப்பி, பின்னுதைப்பு மிகக் குறைவாக இருக்கும்படி அமைத்துக்கொள்கிறார்கள் என்றும், கனமான குண்டை மெதுவாகச் செலுத்தினால் உதைப்பு குறையும் என்றும் படித்தேன். இது உண்மைதானா? உண்மையானால், டெல்லியில் உரிமம் பெற்ற ஒரு போட்டியாளர் அதற்கான கருவியை வாங்கி வீட்டில் நிரப்பிக்கொள்ள முடியுமா? இரண்டு கேள்விகளுக்கும் விவரம் தெரிந்தவர்கள் பதில் தர வேண்டுகிறேன்.

---

உந்தக்கணக்கன்

உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். சட்டத்தை அதில் பழக்கமுள்ளவர்கள் சொல்லட்டும்.

பின்னுதைப்பு முழுவதும் உந்தக் கணக்குதான்; உந்தம் என்பது எடையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது. குண்டும் அதன் பின்னே பீறிடும் வாயுவும் முன்னோக்கி எவ்வளவு உந்தத்தைக் கொண்டு போகின்றனவோ, அதே அளவு உந்தம் துப்பாக்கி வழியாக உங்கள் மணிக்கட்டுக்கு வந்து சேரும். .22 லாங் ரைஃபிள் குண்டின் எடை ஏறத்தாழ 2.6 கிராம், வினாடிக்கு 320 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால் உந்தம் 0.83 கிலோகிராம்-மீட்டர்/வினாடி. .32 வாட்கட்டர் 98 கிரெய்ன், அதாவது 6.35 கிராம்; வேகம் வினாடிக்கு 230 மீட்டர் அளவில் இருந்தால் உந்தம் 1.46. ஒன்றே முக்கால் மடங்குதானே என்று தோன்றும். ஆனால் ஒரே எடையுள்ள இரண்டு துப்பாக்கிகளில், பின்னோக்கி வரும் ஆற்றல் உந்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே அது மூன்று மடங்கைத் தாண்டிவிடுகிறது. .22-இலிருந்து மாறுபவர்கள் எல்லோரும் திடுக்கிடுவது இதனால்தான்.

இனி கனமான குண்டு பற்றிய கருத்துக்கு வருவோம். அது பாதி உண்மை. அந்தக் கருத்து பிறந்த இடம் ஐபிஎஸ்சி எனப்படும் நடைமுறைச் சுடுதல் போட்டிகள். அங்கே மென்மைக்கு விதியே ஒரு தரைமட்டம் போட்டிருக்கிறது: குண்டின் எடையைக் கிரெய்னிலும் வேகத்தை வினாடிக்கு அடி என்ற அளவிலும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வரும் பவர் ஃபேக்டர், மைனர் பிரிவில் 125-க்குக் குறையக் கூடாது. ஆகவே அங்குள்ளவர்கள் 125-ஐச் சற்றே தாண்டி நிற்கும்படி தோட்டாவை அமைக்கிறார்கள். 9 மில்லிமீட்டரில் 115 கிரெய்ன் குண்டை 1,100 அடி வேகத்தில் செலுத்தினாலும், 147 கிரெய்ன் குண்டை 860 அடி வேகத்தில் செலுத்தினாலும் விடை 126-ஐ ஒட்டித்தான் வரும். அந்த எண்ணே உந்தத்தைத்தான் அளக்கிறது என்பதால், குண்டு தரும் உதைப்பில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. வேறுபடுவது வாயு. கனமான குண்டை மெதுவாகத் தள்ளக் குறைந்த வெடிமருந்து போதும். குழல்வாயில் வாயு வினாடிக்கு ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் வெளியேறுவதால், மருந்தில் குறையும் சிறு எடைகூட உதைப்பில் தெரியும். வேகமாக எரியும் மருந்தை அவர்கள் விரும்புவதற்கும் காரணம் இதுவே: அதே வேலையைக் குறைந்த எடையில் முடித்துவிடும்.

உங்கள் பிரிவில் அப்படிப்பட்ட தரைமட்டம் இல்லை. குண்டின் விட்டம் 7.62 முதல் 9.65 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், குண்டு ஈயம் போன்ற மென்பொருளால் ஆனதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால்தான் உலகம் முழுவதும் இப்பிரிவினர் .38-ஐ விட்டு .32-க்கு நகர்ந்தார்கள். .38 ஸ்பெஷல் வாட்கட்டரின் 148 கிரெய்ன் குண்டு இதே வேகத்தில் போனால் உந்தம் 2.2 வரும். ஆக, நீங்கள் கையில் வைத்திருப்பதே விதி அனுமதிக்கும் மென்மையான தோட்டாக்களில் ஒன்று. ஆலையில் நிரப்பிய தோட்டாவிலிருந்து இன்னும் பத்து விழுக்காடு குறைக்கலாம். அதற்கு மேல் இறங்கினால் வேறு சிக்கல்கள் தொடங்கும்.

---

விதி_எண்_தேடுபவர்

இரண்டாவது கேள்விக்கு நேரடியான பதில்: கூடாது. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "என்னிடம் உரிமம் இருக்கிறது, என் தோட்டாவை நானே நிரப்புவதில் என்ன?" என்ற வாதம் அரங்குத் தேநீர்க் கடையில் அடிக்கடி கேட்கிறது.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில், பிரிவு 2-இல் உள்ள வரையறையின்படி, "தோட்டா மருந்து வகை" என்பது முழுத் தோட்டாவை மட்டும் குறிப்பதில்லை. அதன் உறுப்புகளும், அதை உருவாக்கும் இயந்திரங்களும் அந்த வரையறைக்குள் அடங்கும். ஆகவே ப்ரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) ஒரு பெட்டி வாங்குவதும், தோட்டா நிரப்பும் பிரஸ் ஒன்றை வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவருவதும், சமையலறைச் சாமான் வாங்குவதைப் போன்ற செயல்கள் அல்ல. பிரிவு 3-இன் கீழ் நீங்கள் பெற்றிருப்பது வைத்திருப்பதற்கான உரிமம். உருவாக்குவது பிரிவு 5-இன் கீழ் வருகிறது. அதற்குத் தனி உரிமம் வேண்டும். அது இல்லாமல் உருவாக்கினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு பிரிவு 25-இன்படி குறைந்தது ஏழு ஆண்டுச் சிறை, ஆயுள் தண்டனை வரையிலும் நீளலாம். சொந்தப் பயிற்சிக்குத்தான் என்ற விளக்கம் எதையும் மாற்றாது. மருந்துத்தூளை வீட்டில் சேர்த்து வைத்தால் வெடிபொருள் சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

சுட்ட பிறகு கீழே விழும் பித்தளைக் கூடுகளைப் பற்றியும் ஒரு சொல். பலர் நினைவுக்காகப் பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள். அரங்கின் கணக்கில் கூடுகளைத் திருப்பித் தரச் சொன்னால் எண்ணித் தந்துவிடுங்கள். விமான நிலையத்தின் ஊடுகதிர்த் திரையில் பைக்குள் ஒரு வெற்றுக்கூடு தெரிந்தாலும், விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் விமானம் கிளம்பிவிடும்.

---

பழைய_சுபேதார்

தம்பி, மேலே இருவரும் சொன்னது சரி. ஆனால் நீங்கள் கேட்ட கேள்வியிலேயே ஓர் ஓட்டை இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை.

அடுத்த குண்டுக்கு மீள நேரம் போதவில்லை என்கிறீர்கள். சென்டர் ஃபயர் ரேபிட் பகுதியில் நடப்பதை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். கை 45 பாகை தாழ்ந்த நிலையில் இருக்கிறது. பச்சை விளக்கு மூன்று வினாடி எரிகிறது. அதற்குள் சுடுவது ஒரே ஒரு குண்டு. பிறகு கையை இறக்கிவிட்டு ஏழு வினாடி காத்திருக்கிறீர்கள். உதைப்பிலிருந்து மீள உங்களுக்கு அந்த ஏழு வினாடியும் கிடைக்கிறது. குழல் எவ்வளவு உயரம் எம்பினாலும் அடுத்த குண்டுக்கு அது ஒரு பொருட்டே அல்ல, ஏனென்றால் எப்படியும் கையை இறக்கத்தான் போகிறீர்கள்.

உதைப்பிலிருந்து மீள்வது மதிப்பெண்ணைத் தீர்மானிக்கும் போட்டிகள் வேறு. ஸ்டாண்டர்டு பிஸ்டலில் 10 வினாடிக்குள் ஐந்து குண்டு. ரேபிட் ஃபயர் பிஸ்டலில் நிலைமை அதைவிடக் கடுமை: அடுத்தடுத்து நிற்கும் ஐந்து இலக்குகளுக்கு 8 வினாடி, பிறகு 6, பிறகு 4. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியாவின் விஜய் குமார் வெள்ளி வென்றது அந்தப் பிரிவில்தான். அங்கே மென்மையான தோட்டாவின் மதிப்பு எவ்வளவு என்பதற்கு விதிப்புத்தகமே சாட்சி. 2004 வரை அப்பிரிவில் எல்லோரும் .22 ஷார்ட் தோட்டாவைத்தான் சுட்டார்கள்; அதில் உதைப்பு என்று சொல்ல ஒன்றுமே இருக்காது. 2005 முதல் அதை நிறுத்தி, .22 லாங் ரைஃபிள்தான் என்று விதியை மாற்றினார்கள். அதாவது மென்மை மிகவும் பயன்படும் இடத்தில் விதி அதைப் பறித்துவிட்டது. பயன் குறைவான உங்கள் பிரிவில் விட்டுவைத்திருக்கிறது.

அப்படியானால் ஏழு மணிப் பக்கம் ஏன் இறங்குகிறது? குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்கு முன்பே உங்கள் கை உதைப்பை எதிர்பார்த்துக் கீழே அழுத்துகிறது. சுடும் விசையை (டிரிகர்) இழுக்கும்போது மற்ற விரல்களும் சேர்ந்து இறுகுகின்றன. வலக்கைக்காரருக்கு அது ஏழு மணியில்தான் வந்து விழும். பிரிசிஷனில் ஐந்து குண்டுக்கு ஐந்து நிமிடம் இருப்பதால் மனம் பொறுமையாக இருக்கிறது. மூன்று வினாடி என்றதும் பதற்றம் கைக்கு வந்துவிடுகிறது. இதற்கு மருந்து தோட்டாவில் இல்லை என்று முழுதாகவும் சொல்ல மாட்டேன். மென்மையான தோட்டா பயத்தைக் குறைக்கும், ஒரு மணி நேரப் பயிற்சிக்குப் பிறகு வரும் களைப்பையும் குறைக்கும். ஆனால் முதலில் நோயை உறுதி செய்துகொள்ளுங்கள். பயிற்சியாளரையோ பக்கத்து லேன்காரரையோ மேகசினை நிரப்பித் தரச் சொல்லுங்கள். ஐந்தில் ஒன்றோ இரண்டோ வெடிக்காத பயிற்சித் தோட்டாக்கள், எந்த இடத்தில் என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. வெடிக்காத தோட்டாவில் விசை விழும்போது முன்காணி (குழலின் முன்முனையில் உள்ள குறிபார்க்கும் முனை) அசையாமல் நிற்கிறதா, குனிகிறதா என்று பாருங்கள். குனிந்தால் சந்தேகமே வேண்டாம்.

இந்திய வீரர் ஜஸ்பால் ராணா 2006 தோஹா ஆசிய விளையாட்டில் இதே பிரிவில் 590 சுட்டு உலகச் சாதனையைச் சமன் செய்தார். அறுபது குண்டில் பத்தே புள்ளி இழப்பு. அந்த அளவில் நிற்பவர் தோட்டாவைப் பற்றிக் கவலைப்படலாம். நாம் முதலில் விரலைப் பற்றிக் கவலைப்படுவோம்.

---

பச்சைவிளக்கு

ஐயா, வெடிக்காத தோட்டாக்களைக் கலந்து இன்று காலை சுட்டுப் பார்த்தேன். முன்காணி குனிந்தது நன்றாகவே தெரிந்தது. பக்கத்து லேன் அண்ணன் சிரித்துவிட்டார். தோட்டா இல்லாமல் செய்யும் உலர் பயிற்சியை அதிகப்படுத்தப் போகிறேன். வீட்டில் நிரப்பும் எண்ணத்தைச் சட்ட விளக்கத்தைப் படித்ததுமே கைவிட்டேன்.

ஆனாலும் அறிந்துகொள்ளும் ஆசையில் கேட்கிறேன். உந்தக்கணக்கன் "அதற்கு மேல் இறங்கினால் வேறு சிக்கல்கள் தொடங்கும்" என்றார். அவை என்ன? ஆலைத் தோட்டாக்களிலேயே மென்மையானதைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

---

பித்தளைக்கூடு

சில ஆண்டுகள் அமெரிக்காவில் வேலை பார்த்தபோது, அங்குள்ள சட்டம் அனுமதித்ததால் .32 வாட்கட்டரை நானே நிரப்பிச் சுட்டிருக்கிறேன். இப்போது துவாரகாவில் இருக்கிறேன். இங்கே ஆலைத் தோட்டாதான். அளவுகள் எதையும் எழுத மாட்டேன், அவை இங்கே யாருக்கும் பயன்படப் போவதில்லை. மென்மைக்கு ஏன் ஓர் எல்லை உண்டு என்பதை மட்டும் சொல்கிறேன்.

இந்தத் தோட்டா 1896-இல் வந்தது. கூட்டின் உள்கொள்ளளவுக்கு, இன்றைய வேகமான மருந்து ஒரு சிட்டிகைதான். சாதாரண வடிவக் குண்டை மேலே பொருத்தினால் கூட்டுக்குள் பெரும்பகுதி காலியிடமாக இருக்கும். மருந்து ப்ரைமர் பக்கம் கிடக்கிறதா, குண்டுப் பக்கம் சாய்ந்திருக்கிறதா என்பதைப் பொறுத்து வேகமே மாறிவிடும். கையை 45 பாகையிலிருந்து உயர்த்திச் சுடும் போட்டியில் இது முக்கியம். வாட்கட்டர் என்பது முகம் தட்டையான ஓர் ஈய உருளை. அது கூட்டின் விளிம்போடு விளிம்பாக உள்ளே முழுவதும் இறங்கி உட்கார்ந்துவிடுவதால் அந்தக் காலியிடம் சுருங்கி, குறைந்த மருந்தும் சீராக எரிகிறது. காகித அட்டையில் வட்டமாக வெட்டியதுபோல் துளை விழுவது அதன் புகழ்பெற்ற குணம். மின்னணு இலக்கு வந்த பிறகு அந்தப் புகழுக்கு வேலை குறைந்துவிட்டது, இந்தக் குணத்துக்குக் குறையவில்லை. ஆனால் இதே காரணத்தால் ஆபத்தும் உண்டு: குண்டு ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கினாலும் அழுத்தம் சட்டென்று ஏறும். ஒரு சிட்டிகை மருந்து விழும் கூட்டில் இரண்டாவது சிட்டிகை தவறி விழுந்தாலும் மேலிருந்து பார்க்கக் கூடு நிறைந்ததாகத் தெரியாது. மருந்தே விழாமல் போனால், ப்ரைமர் மட்டும் தரும் தள்ளலில் குண்டு பாதிக் குழலில் சிக்கி நிற்கும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கிவிடும். அங்கே நிரப்புபவர்கள் ஒவ்வொரு கூட்டையும் விளக்கு வெளிச்சத்தில் எட்டிப் பார்ப்பது இதற்காகத்தான்.

இன்னும் குறைத்தால் என்ன ஆகும் என்பதைக் கீழே விழும் கூடே சொல்லும். போதுமான அழுத்தம் இருந்தால் பித்தளை விரிந்து, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையின் சுவரோடு ஒட்டி வாயுவை அடைத்துக்கொள்ளும்; கூடு வெளியே பளிச்சென்று விழும். அழுத்தம் குறைந்தால் வாயு பின்னோக்கிக் கசிந்து, கூட்டின் ஒரு பக்கம் முழுதும் கரி படிந்து வரும். அதற்கடுத்த நிலையில் கூடு தூரமாகத் தெறிக்காமல் காலடியிலேயே விழும். அதற்கும் அடுத்தது, போல்ட் (தோட்டாவைப் பின்னிருந்து தாங்கி, சுட்டதும் பின்வாங்கும் பாகம்) முழுதாகப் பின்வாங்காமல் கூடு வாயிலில் நட்டுக்கொண்டு நிற்பது. பர்தினி, வால்தர் போன்ற போட்டித் துப்பாக்கிகள் இந்த உதைப்பைக் கொண்டுதான் தங்களைத் தாங்களே இயக்கிக்கொள்கின்றன. அதற்கு ஊதியம் கொடுக்காமல் வேலை வாங்க முடியாது.

டெல்லிக்கே உரிய சங்கதி ஒன்று. குளிர்ந்த மருந்து சற்று மந்தமாகவும் சூடேறிய மருந்து சற்று வேகமாகவும் எரியும். மே மாதத்தில் குறையின்றி ஓடிய மென்மையான தோட்டா, சனவரி மூடுபனிக் காலையில், உயவுப் பசையும் இறுகியிருக்கும் வேளையில், தடுமாறலாம். ஆகையால் தோட்டாவைக் குளிர்காலத்தில் சோதித்துத் தேர்ந்தெடுங்கள். கோடையில் மூடிய காருக்குள் தோட்டாப் பெட்டியை விட்டுவைக்காதீர்கள்.

தேர்வு செய்யும் முறை எளிது. லாப்புவா, ஃபியோக்கி என்று கிடைக்கும் வகைகளில், ஒரே தொகுதி எண் கொண்ட பெட்டிகளாக வாங்குங்கள். துப்பாக்கியைத் தாங்கியில் பொருத்தியோ மணல் மூட்டையில் ஊன்றியோ தொகுதிக்குப் பத்துப் பதினைந்து சுட்டு, துளைகள் எவ்வளவு நெருக்கமாகக் குவிகின்றன என்று பாருங்கள், கூடுகளைப் பாருங்கள். வேக வேறுபாட்டைக் கண்டு அஞ்ச வேண்டாம். வினாடிக்கு 230 மீட்டரில் போகும் குண்டு 25 மீட்டரில் 5.8 சென்டிமீட்டர் தாழும். 220-இல் போனால் 6.3. வேறுபாடு அரை சென்டிமீட்டர். பிரிசிஷன் அட்டையின் பத்து வளையமே 5 சென்டிமீட்டர் விட்டம், ரேபிட் அட்டையில் அது 10. நடைமுறையில் மெதுவான குண்டு சற்று மேலேயே விழவும் கூடும், ஏனென்றால் அது குழலுக்குள் இருக்கும் அந்தக் கூடுதல் நொடித்துளியில் குழல்வாய் எம்பத் தொடங்கிவிடுகிறது. எனவே தொகுதியை மாற்றினால் காணியைத் திருத்துங்கள்.

மேகசினில் இடும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இது விளிம்புள்ள கூடு. மாறி உட்கார்ந்தால் கொக்கி போட்டுக்கொள்ளும். தோட்டா மென்மையாக இருப்பதால் சிக்குகிறது என்று குற்றம் சாட்டப்படும் பல இடங்களில் காரணம் இதுதான்.

---

பச்சைவிளக்கு

மிக்க நன்றி. கடைசியாக ஒன்று. தோட்டாவை மாற்றாமல் உதைப்பைக் குறைக்கத் துப்பாக்கியில் எடை சேர்ப்பது, போல்ட்டைத் திருப்பித் தள்ளும் ஸ்பிரிங்கை மாற்றுவது ஆகியவற்றில் எதை முதலில் செய்வது?

---

உந்தக்கணக்கன்

எடைதான் முதலில். உந்தம் 1.5 என்று வைத்துக்கொண்டால், 1.1 கிலோ துப்பாக்கி 1.02 ஜூல் ஆற்றலோடு பின்வரும், 1.3 கிலோவாக்கினால் 0.87. பதினைந்து விழுக்காடு குறைவு, மருந்தைத் தொடாமலே. காணிகள் உட்பட மொத்தம் 1,400 கிராமைத் தாண்டக் கூடாது, 300 × 150 × 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்ற விதிகளை மட்டும் நினைவில் வையுங்கள். எடையைக் குழல்வாய்ப் பக்கம் சேர்த்தால் எம்புவது நன்றாகக் குறையும், ஆனால் 45 பாகையிலிருந்து கையை உயர்த்துவது மந்தமாகும், இலக்கில் நிறுத்துவதும் கடினமாகும். மூன்று வினாடியில் உங்களுக்கு அது கட்டுப்படியாகிறதா என்று ஐம்பது ஐம்பது கிராமாகச் சேர்த்துப் பாருங்கள்.

ஸ்பிரிங்கை உற்பத்தியாளர் தந்த வகைகளுக்குள் மட்டும் மாற்றுங்கள். மென்மையான தொகுதி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கூடு காலடியிலேயே விழுகிறது என்றால் மெல்லியதைப் போடலாம். அதே ஸ்பிரிங்கோடு வேறொரு வலுவான தொகுதியைச் சுட்டால் போல்ட் பின்சட்டத்தில் போய் மோதும். அந்த மோதலைக் கை இரண்டாவது உதைப்பாக உணரும். அதனால் அந்தப் பருவத்துக்குத் தேவையான தோட்டாவை ஒரே தொகுதியாக வாங்கிய பிறகே ஸ்பிரிங்கில் கை வையுங்கள்.